சொல்லித்தருபவர் படிக்க வேண்டியவை

அன்பு நண்பா,

உன் கடிதம் படித்ததிலிருந்து மனசு நிறைவாக இருக்கிறது. வார இறுதியில் பிள்ளைகளுக்கு விமானமும் ராக்கெட்டும் சொல்லித்தர ஆரம்பித்து, அதை விடாமல் நடத்தியும் வருகிறாயே, அதுதான் பெரிய விஷயம். நானும் இங்கே அதே வேலையில்தான் இருக்கிறேன். பிள்ளைகள் வளர்கிறார்கள், அவர்களோடு கேள்விகளும் வளர்கின்றன, நாம் மட்டும் அதே இடத்தில் நின்றால் எப்படி என்ற எண்ணம் எனக்கும் கொஞ்ச நாளாகவே உண்டு. தொடக்கப் பாடமெல்லாம் முடிந்துவிட்டது, இனி நான் ஆழமாகப் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறாய். இருக்கிறது, நிறையவே இருக்கிறது, பெரும்பாலும் இலவசமாக.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மைப் போன்ற தன்னார்வலர்களுக்குத் தேர்வு வைக்க யாரும் இல்லை, மேலதிகாரி இல்லை, அதனால் முதல் வருஷம் சொன்ன விளக்கத்தையே எத்தனை வருஷம் வேண்டுமானாலும் சொல்லிக்கொண்டே போகலாம். இறக்கை எப்படித் தூக்குகிறது என்பதையே எடுத்துக்கொள். மேற்பரப்பு வளைந்து நீளமாக இருக்கிறது, மேலே போகும் காற்றும் கீழே போகும் காற்றும் ஒரே நேரத்தில் பின்முனையில் சேர வேண்டும், ஆகவே மேலே வேகம் கூடுகிறது என்று இன்றும் பல வகுப்புகளில் சொல்லித்தருகிறார்கள். அது தவறு. ஒரே நேரத்தில் சேர வேண்டிய கட்டாயம் காற்றுக்கு எதுவும் இல்லை, உண்மையில் மேலே போகும் காற்று முந்திக்கொண்டு போய்விடுகிறது. அந்த விளக்கம் சரியென்றால் விமானம் தலைகீழாகப் பறப்பது எப்படி என்று ஒரு பிள்ளை கேட்டாலே போதும், பதில் இருக்காது. நாசாவின் கிளென் ஆய்வு மையம் நடத்தும் விமானவியல் தொடக்க வழிகாட்டித் தளத்தில் இந்தத் தவறான விளக்கங்களைத் தனித்தனியாக எடுத்து உடைத்திருக்கிறார்கள். பெயரில்தான் தொடக்கம் இருக்கிறது, ஆசிரியர்கள்தான் முதலில் படிக்க வேண்டும்.

அப்புறம், அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விமானிகளுக்காக வெளியிடும் அறிவுக் கையேட்டை இறக்கி வைத்துக்கொள், காசு கிடையாது. கருவிகள், வானிலை, எடைச் சமநிலை எல்லாம் அதில் தெளிவாக இருக்கும். ஆனால் அதில் கணக்கு குறைவு. கணக்கோடு வேண்டுமென்றால் ஜான் ஆண்டர்சன் எழுதிய விமானவியல் அறிமுக நூலைத் தேடிப் பிடி. வரலாறும் சமன்பாடும் கைகோத்துப் போகும் புத்தகம் அது. வீடியோவாகப் பார்த்துப் படிப்பதுதான் உனக்குத் தோது என்றால் என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் முழுப் பாடங்களே இருக்கின்றன. சான்றிதழ் வேண்டாம் என்றால் செலவே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது நாசாவின் தொழில்நுட்ப அறிக்கைக் களஞ்சியம். 1915இல் தொடங்கி 1958இல் நாசாவாக மாறிய நாகா அமைப்பின் பழைய அறிக்கைகள் அதில் அப்படியே கிடைக்கின்றன. 78 இறக்கை வடிவங்களைக் காற்றுச் சுரங்கத்தில் சோதித்த 1933ஆம் ஆண்டு அறிக்கையை ஒரு நாள் உட்கார்ந்து பார். நாகா 2412 என்று ஒரு வடிவம், செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தில் இருப்பது. இறக்கையின் முன்முனையிலிருந்து பின்முனை வரை உள்ள நீளத்தை 100 என்று வைத்துக்கொண்டால், மேற்பரப்புக்கும் கீழ்ப்பரப்புக்கும் நடுவே ஓடும் கோட்டின் வளைவு 2, அந்த வளைவு உச்சம் தொடும் இடம் 40, தடிமன் 12. இவ்வளவுதான் அந்த எண்ணின் ரகசியம். இறக்கை வடிவம் எவ்வளவு தூக்கும் என்று கணிக்க மார்க் டிரெலா 1980களில் எழுதிய எக்ஸ்ஃபாயில் நிரலில் அதே எண்ணைக் கொடுத்து வரும் வரைபடத்தைப் பழைய அறிக்கையின் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார். எங்கே ஒத்துப்போகிறது, காற்றை இறக்கை சந்திக்கும் கோணம் எவ்வளவுக்குமேல் போனால் விலகுகிறது, ஏன் விலகுகிறது என்று நீயே தேடிக் கண்டுபிடிக்கும்போது வரும் தெளிவு எந்த வீடியோவிலும் வராது.

ரைட் சகோதரர்களும் இதைத்தான் செய்தார்கள். 1901இல் அவர்களுடைய கிளைடர் கணக்குச் சொன்ன அளவுக்குத் தூக்கவில்லை. சைக்கிள் கம்பியும் ரம்பத் தகடும் வைத்துத் தராசு செய்து, சின்னதாக ஒரு காற்றுச் சுரங்கம் கட்டி, ஏறக்குறைய 200 வடிவங்களைச் சோதித்துப் பார்த்தார்கள். தூக்கு விசையைக் கணக்கிட எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த ஸ்மீட்டன் மாறிலி என்ற எண் 0.005, அவர்கள் கண்டது 0.0033. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் புத்தகங்களில் இருந்த எண் அது! இதைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பார், கண்கள் விரியும்.

ராக்கெட் பக்கம் வந்தால், முதலில் ராக்கெட் எட்டும் வேகத்தைச் சொல்லும், ரஷ்ய அறிஞர் சியோல்கோவ்ஸ்கியின் 1903ஆம் ஆண்டுச் சமன்பாட்டைக் கையால் போட்டுப் பழகு. புகை வெளியேறும் வேகம் வினாடிக்கு 3 கிலோமீட்டர், மொத்த எடை 10 டன், அதில் 9 டன் எரிபொருள் என்று வைத்துக்கொள். எரிந்து முடிந்ததும் மிஞ்சுவது 1 டன், தொடக்க எடை அதைப்போல் பத்து மடங்கு. பத்தின் இயல் மடக்கை 2.3, மூன்றால் பெருக்கினால் வினாடிக்கு 6.9 கிலோமீட்டர். தாழ்ந்த சுற்றுப்பாதைக்கே வினாடிக்கு 7.8 வேண்டும், ஈர்ப்பும் காற்றும் தின்பதையும் சேர்த்தால் ஒன்பதைத் தாண்டிவிடும். எடையில் பத்தில் ஒன்பது பங்கு எரிபொருளாக இருந்தும் எட்டவில்லை. ராக்கெட் ஏன் அடுக்கடுக்காக இருக்கிறது என்ற கேள்விக்கு இந்த இரண்டு வரிக் கணக்கே போதும். மாதிரி ராக்கெட் செய்ய ஓபன்ராக்கெட் நிரல் நல்லது. நிறை மையத்துக்குப் பின்னால் அழுத்த மையம், அதாவது காற்றின் விசை குவியும் இடம், எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று உடனே காட்டும், வால் துடுப்பைச் சின்னதாக்கினால் அது முன்னே நகர்ந்து வருவதையும் பார்க்கலாம். சுற்றுப்பாதைக் கணக்குக்கு அமெரிக்க விமானப்படை அகாதமி ஆசிரியர்கள் மூவர் 1971இல் எழுதிய விண்ணியக்கவியல் நூல் ஒன்று இருக்கிறது, மெல்லிய அட்டையில் மலிவாகவே கிடைக்கும். மெதுவாகத்தான் போகும், பரவாயில்லை.

நேரம் கிடைத்தால் அமெரிக்காவின் எம்.ஐ.டி. 2005இல் நடத்திய விண்வெளி ஓடப் பாடத்தைப் பார். அதை நடத்தியவர்களில் ஒருவர் ஜெஃப்ரி ஹாஃப்மன், 1993இல் விண்ணில் நடந்து ஹபிள் தொலைநோக்கியைச் சரிசெய்தவர்களில் அவரும் உண்டு. ஓடத்தை உருவாக்கியவர்களே வந்து எதை ஏன் அப்படிச் செய்தோம் என்று பேசுகிறார்கள்.

விபத்து விசாரணை அறிக்கைகளை நீ விட்டுவிடக் கூடாது. சேலஞ்சர் விண்வெளி ஓட விபத்து பற்றி 1986இல் வந்த அறிக்கையின் பின்னிணைப்பில் இயற்பியலாளர் ஃபெயின்மன் எழுதிய சில பக்கங்கள் இருக்கின்றன. ஓடம் அழியும் வாய்ப்பு நூறில் ஒன்று என்று பொறியாளர்கள் சொல்ல, நிர்வாகம் லட்சத்தில் ஒன்று என்று நம்பிக்கொண்டிருந்தது. கொலம்பியா ஓட விபத்து பற்றிய 2003ஆம் ஆண்டு அறிக்கையில், இறக்கையில் நுரைத் துண்டு மோதியதைப் பற்றிய முக்கியமான தகவல் ஒரு விளக்கப்படத்தின் சின்ன எழுத்துகளுக்குள் புதைந்து போனதை விரித்து எழுதியிருக்கிறார்கள். பாடம் நடத்தப் படங்கள் தயாரிக்கும் நாம் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடுக்காதே. ஒன்றை எடு, கணக்கை நோட்டில் போடு, அடுத்த வகுப்பில் அதிலிருந்து ஒரே ஒரு கேள்வியை மட்டும் பிள்ளைகள் முன்னால் வை. நான் இப்போது எக்ஸ்ஃபாயிலில்தான் இருக்கிறேன், நீயும் அதிலிருந்தே ஆரம்பித்தால் இருவரும் ஒரே வடிவத்தை எடுத்துப் பார்க்கலாம், 2412ஐயே எடுத்துக்கொள்வோம். உன் வகுப்பில் கேட்ட கேள்விகளில் பதில் கிடைக்காமல் நிற்பவற்றை அடுத்த கடிதத்தில் எழுதி அனுப்பு. நான் என் பக்கத்துக் கேள்விகளை அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்