வேலூர்ப் பக்கத்து மியூச்சுவல் ஃபண்டு ஏஜென்ட்டுகளுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் மியூச்சுவல் ஃபண்டு ஏஜென்ட்டாக இருக்கும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம்.

நான் ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். எங்கள் ஆட்களில் பலர் சீட்டை விட்டுவிட்டு இப்போது எஸ்ஐபி, அதாவது மாதாமாதம் ஃபண்டில் ஒரு தொகை, கட்டுகிறார்கள். நீங்கள் வந்து பேசியதால்தான் அது நடந்தது. நல்ல காரியம். ஆனால் நீங்கள் கொண்டுவந்து காட்டும் தாளைப் பற்றி ஒரு பேச்சு இருக்கிறது. மாதம் 10,000 ரூபாய், வருடத்துக்கு 12 சதவீதம், 20 வருடத்தில் ஏறக்குறைய ஒரு கோடி. கணக்கு சரி. அதில் வரைந்திருக்கும் கோடு மட்டும் ஓர் இடத்தில்கூடக் கீழே இறங்குவதில்லை.

2020-க்குப் பிறகு சேர்ந்தவர்கள் பெரிய சரிவு எதையும் பார்த்ததில்லை. 2024 செப்டம்பர் கடைசியில் 26,000-க்கு மேல் இருந்த நிஃப்டி என்ற பங்குச் சந்தைக் குறியீடு, அடுத்த மார்ச் தொடக்கத்தில் 22,000 பக்கம் வந்தது. 16 சதவீத இறக்கம்தான். அதற்கே டிரம் செக்‌ஷன் ஆள் ஒருவர் கையுறையைக் கழற்றிவிட்டு ஆப்பைத் திறந்து, சிவப்பில் இருந்த தொகையைக் காட்டி, "சார், இது போயிடுச்சா, இருக்கா?" என்று கேட்டார். இப்படி இறங்கும் என்று அவருக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த சரிவு எப்போது என்று உங்களிடம் கேட்கவில்லை, அது யாருக்கும் தெரியாது. வந்தால் எப்படி இருக்கும் என்பதை இப்போதே, சதவீதத்தில் இல்லாமல் ரூபாயில் சொல்லுங்கள். 2020 ஜனவரி நடுவில் நிஃப்டியை ஒட்டி இருந்த 10 லட்சம், மார்ச் 23 அன்று 6 லட்சத்துச் சொச்சம். அந்த வருடமே மீண்டது என்பதும் உண்மை. ஆனால் 2008 அப்படி இல்லை. அந்த ஜனவரியில் சென்செக்ஸ் என்ற இன்னொரு குறியீட்டை ஒட்டி இருந்த 10 லட்சம், அடுத்த வருடம் மார்ச்சில் 4 லட்சத்துக்கும் கீழே. 2010 தீபாவளிக்கு சென்செக்ஸ் தன் பழைய உச்சமான 21,000 பக்கம் ஒருமுறை வந்தது, மறுபடி சறுக்கியது. அதைத் தாண்டி நிலைத்து நிற்க 2014 ஆனது. இந்த இரண்டு கணக்கும் அந்தத் தாளின் பின்பக்கத்தில் இருக்கட்டும்.

இதில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது, ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் ஆர்டர் என்ன ஆகுமோ என்ற பயம் வந்தது. உலகத்தில் ஒரு நெருக்கடி என்றால் இங்கே ஓவர்டைமும் மார்க்கெட்டும் ஒரே நேரத்தில் அடிவாங்கலாம். அப்போது போய் "எஸ்ஐபியை நிறுத்தாதீங்க" என்றால் அவர் எங்கிருந்து கட்டுவார்? ஆகவே முதலில் ஆறு மாதச் செலவு பேங்க் டெபாசிட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு வருடத்தில் பெண்ணுக்குக் கல்யாணம், பையனுக்குக் காலேஜ் ஃபீஸ் என்றால் அந்தப் பணத்தை ஈக்விட்டியில், அதாவது பங்குகளில் போடும் ஃபண்டில், வாங்காதீர்கள். பணம் ஃபண்டில் இருக்கும்வரை உங்களுக்கு வரும் டிரெயில் கமிஷன் கொஞ்சம் குறையும். குறையட்டும்.

எனக்கு நஷ்டத்தைவிடப் பெரிய பயம் அதற்கு அப்புறம் நடப்பதில்தான். பயந்து விற்றுவிட்டு வெளியே வருகிற பணம் சும்மா இருக்காது. மாதத்துக்கு எட்டு வட்டி, பத்து வட்டி என்று சொன்னவர்களிடம் நம் ஜனங்கள் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துக்கூடக் கொடுத்ததை 2022-இல் காட்பாடிப் பக்கம் பார்த்தோம். அந்த ஆட்கள் வேறு பெயரில் வரத்தான் செய்வார்கள்.

சின்னக் கம்பெனிப் பங்குகளில் போடும் ஸ்மால்கேப் ஃபண்டு விற்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஃபண்டு வைத்திருக்கும் பங்குகளில் பாதியை விற்க எத்தனை நாள் ஆகும் என்று 2024 மார்ச்சிலிருந்து ஃபண்டு கம்பெனிகளே வெளியிடுகின்றன. அந்த எண்ணையும் தமிழில் எழுதிக் காட்டுங்கள்.

வருவதென்றால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், மற்ற நாளில் ஷிஃப்ட் முடிந்து பஸ் பிடிக்கவே நேரம் சரியாக இருக்கும். வீட்டில் இருப்பவர்களையும் உட்காரவைத்துப் பேசுங்கள். மார்க்கெட் விழுந்த அன்று ராத்திரி "எடுத்துடுங்க" என்று சொல்லப்போவது அநேகமாக அவர்கள்தான், உங்கள் தாளை அவர்கள் இதுவரை பார்த்ததே இல்லை.