காந்தள் கேட்டாய், நிஷாகந்தி அனுப்புகிறேன்

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ போனில் கேட்ட காந்தள் கிழங்கை இந்த முறை அனுப்பவில்லை. கோபித்துக்கொள்ளாதே. குட்டி இப்போதுதான் தவழ ஆரம்பித்திருக்கிறாள். கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குத்தான் போகும். செங்காந்தளில் இலை, விதை எல்லாமே விஷம், கிழங்கில் ரொம்ப அதிகம். அதிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசின் கீல்வாதத்துக்கு மருந்து, ஆனால் அளவு தப்பினால் உயிரையே எடுத்துவிடும். சொன்னால் கேட்டுக்கொள்கிற வயது அவளுக்கு வரட்டும், நானே கொண்டுவந்து நட்டுத் தருகிறேன்.

கிழங்கு பத்திரமாக இருக்கிறது. கொடி காய்ந்ததும் தோண்டி எடுத்து, காய்ந்த மணலில் புதைத்துப் பரண்மேல் வைத்திருக்கிறேன். கோடையில் அது தூங்கும், தண்ணீர் ஊற்றினால் அழுகிவிடும். போன வருஷம் ஒரு நர்சரியில் மூன்று வாங்கினேன். ஆடி மழையில் நட்டதில் ஒன்றுதான் முளைத்தது. மற்ற இரண்டையும் தோண்டிப் பார்த்தால் நுனி உடைந்திருந்தது. கலப்பை மாதிரி வளைந்த கிழங்கு, முளை நுனியில் மட்டும்தான் இருக்கும். உருளைக்கிழங்கு போல உடம்பெல்லாம் கண் கிடையாது. இதை வாங்கும்போதே பார்த்திருக்கவேண்டும். முளைத்த ஒன்று இலை நுனியைச் சுருட்டிச் சுருட்டி ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறியது. பூ முதலில் பச்சை, அப்புறம் மஞ்சளும் சிவப்பும், கடைசியில் முழுச் சிவப்பு. தினமும் காலையில் காபியோடு அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

சரி, உனக்கு நிஷாகந்தி அனுப்புகிறேன். நம் தெருவில் பிரம்மகமலம் என்றுதான் சொல்கிறார்கள். அசல் பிரம்மகமலம் இமயமலையில் பூப்பது, வேறு செடி. இது மெக்சிகோ பக்கத்துக் கள்ளி. காட்டில் மரக்கிளை இடுக்கில் ஒட்டி வளர்வது. அதனால் வேருக்குக் காற்று வேண்டும். வெறும் செம்மண்ணில் வைக்காதே. தேங்காய் நார்க் கழிவு, ஆற்று மணல், இலை மக்கு மூன்றையும் கலந்து, அடியில் ஓட்டை உள்ள சின்னத் தொட்டியில் வை.

இலை மாதிரி தெரிவது உண்மையில் தண்டு. ஒரு சாண் நீளத்துக்கு நான்கு வெட்டி, ஐந்து நாளாக நிழலில் காயவைத்திருக்கிறேன். வெட்டின இடம் தோல் கட்டிவிட்டது; ஈரத்தோடு நட்டால் அழுகும். இரண்டு விரல் ஆழம் போதும். நட்டு ஒரு வாரம் தண்ணீர் வேண்டாம், அப்புறம் மண் மேலே காய்ந்தால் மட்டும் ஊற்று. பால்கனியில் காலை வெயில் படட்டும், உச்சி வெயில் ஆகவே ஆகாது. இங்கே மே மாதம் மலைக்கல் ராத்திரியிலும் சூடு கக்கும்போது, மாடிப்படிக்கு அடியில் வைத்துத்தான் காப்பாற்றினேன். போர் தண்ணீரின் உப்பில் நுனி கருகியது. மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றிய பிறகுதான் தெளிந்தது. உன் ஃபிளாட்டிலும் அதைக் கவனி.

பூக்க இரண்டு மூன்று வருஷம் ஆகலாம். அவசரப்பட்டு உரம் போடாதே. மொட்டு வந்துவிட்டால் தொட்டியை இடம் மாற்றாதே, உதிர்ந்துவிடும். தொங்குகிற மொட்டு கழுத்தை நிமிர்த்தினால் ஓரிரு நாளில் மலரும் என்று அர்த்தம். போன ஆடியில் ஒரே ராத்திரி ஏழு பூ. எட்டு மணிக்கு இதழ் விட ஆரம்பித்தது, நடுராத்திரிக்குள் தெருக்கோடி வரை வாசனை. அப்பா தூங்காமல் என்னோடு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். விடியும்போது ஏழும் தலை தொங்கிவிட்டன.

சித்தி பையன் வெள்ளிக்கிழமை காட்பாடியில் ரயிலேறுகிறான். நியூஸ்பேப்பரில் சுற்றிக் கொடுத்திருக்கிறேன். ஐதராபாத் வந்ததும் பிரித்துவிடு. தலைகீழாக நட்டுவிடாதே, ஒவ்வொன்றின் அடிப்பக்கத்திலும் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன்.

அம்மா