விட்ட மீன்களும் கொன்ற மீன் ஒன்றும்

போஸ்மன், மான்டானா
செப்டம்பர்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் ஜூலையிலேயே வந்துவிட்டது. கோடை முழுவதும் வார இறுதிகளில் நான் வீடு தங்கவில்லை. அதனால்தான் பதில் இவ்வளவு தாமதம். முழங்கால் அறுவைக்குப் பிறகு கைத்தடி இல்லாமல் மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஆனால் போகிற போக்கில் ஒரு கேள்வியையும் கேட்டு வைத்திருக்கிறாய்: "பிடித்த மீனை ஆற்றிலேயே திரும்ப விடுவதற்கா இவ்வளவு தூரம் போகிறாய்?" வாய்க்கால் மதகில் உட்கார்ந்து, மண்புழு கோத்துக் கெளுத்தி பிடித்து, அன்றைக்கே குழம்பாக்கிச் சாப்பிட்டு வளர்ந்த நீ இப்படிக் கேட்பது நியாயம்தான்.

முதலில் தூண்டிலைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஃப்ளை ஃபிஷிங்கில் தக்கையும் இல்லை, புழுவும் இல்லை. இறகையும் மயிரையும் நூலால் சுற்றிக் கட்டிய, கனமே இல்லாத ஒரு பொய்ப்பூச்சிதான் கொக்கியில் இருக்கும். எறிவதற்கு வேண்டிய கனமெல்லாம் தடித்த தூண்டில் நரம்பில் இருப்பதால், கோலைப் பின்னால் வீசி, நரம்பு முதுகுக்குப் பின்னே முழுதாக நீளும்வரை பொறுத்து, அதன் பிறகே முன்னால் வீசவேண்டும். பொறுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை ஜூன் மாதம் ஃபயர்ஹோல் ஆற்றில் என் காதுமடல் கற்றுக்கொண்டது. அந்த ஆறு ஓடும் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள் எதிர்முள் (நுனியில் பின்னோக்கி நீட்டியிருக்கும் முள்) இல்லாத கொக்கிதான் அனுமதி. மீனுக்காகப் போட்ட அந்த விதியால், கொக்கி போன வழியே வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

வெந்நீர் ஊற்றுகள் கலக்கிற ஆறு என்பதால் ஃபயர்ஹோல் கோடை முற்றும் முன்பே சூடேறி, மீன்கள் குளிர்ந்த ஓடைகளுக்கு ஒதுங்கிவிடுகின்றன. ஆகவே ஜூலை தொடக்கத்தில் மாடிசன் ஆற்றுக்குப் போனேன். பாசி படிந்த அம்மிக்குழவிகளைப் பரப்பி வைத்தாற்போன்ற படுகை அது. இரண்டு முறை விழுந்தேன். அந்த நாட்களில்தான் சால்மன்ஃப்ளை என்னும் பூச்சி, சுண்டுவிரல் நீளத்தில், ஆரஞ்சு வயிற்றோடு நீரிலிருந்து கரையேறி ஆற்றோர வில்லோ புதர்களில் அப்பிக்கொள்ளும். முட்டையிடத் தண்ணீருக்குத் திரும்புகிறவற்றை டிரவுட் மீன்கள் வெறியோடு விழுங்கும். இந்த ஆற்றில் நடந்த ஆய்வு ஒன்று, பண்ணைக் குஞ்சுகளைக் கொட்டக் கொட்ட ஆற்றிலேயே பிறந்த மீன்கள் குறைகின்றன என்று காட்டியது. அதன் பிறகு 1974-இல், மீன்கள் தாமாகவே பெருகும் ஆறுகளில் குஞ்சு விடுவதை மான்டானா மாநிலம் நிறுத்திவிட்டது. இங்கே மீனைத் திரும்ப விடுவதற்கு இதுவும் ஒரு காரணம்: எடுத்தால் யாரும் லாரியில் கொண்டுவந்து நிரப்பப்போவதில்லை.

ஜூலைக் கடைசியில் வெயில் கொளுத்தியது. மூன்று நாள் தொடர்ந்து தண்ணீரின் வெப்பம் 23 டிகிரி செல்சியஸைத் தொட்டால், பிற்பகல் இரண்டு மணி முதல் நள்ளிரவு வரை தூண்டில் போடத் தடை விதிப்பார்கள். சூடான நீரில் உயிர்வளி குறைவு, போராடிக் களைத்த மீனை விட்டாலும் அது செத்துப்போகும் வாய்ப்பு கூடிவிடுகிறது. நான் கயிற்றில் கட்டிய வெப்பமானியைத் தண்ணீரில் தொங்கவிட்டு, 20-ஐத் தாண்டியதும் தூண்டிலைச் சுருட்டிவிடுவேன். பல நாள் காலை பத்தரைக்கே வீடு திரும்பினேன். செத்துப் போகிற மீனை விட்டுவிட்டுப் புண்ணியம் தேடிக்கொள்வதில் எனக்கு விருப்பமில்லை.

ஆகஸ்டில் பூங்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள ஸ்லூ ஓடைக்கு நடந்து போனேன். அங்கே கட்த்ரோட் டிரவுட் இருக்கிறது. தாடைக்கு அடியில் விரலால் குங்குமம் இழுத்துவிட்டாற்போல் இரு கீற்றுகள். மண்ணின் மீன் அதுதான். அவசரமே இல்லாமல் மேலெழுந்து, பூச்சியை ஒரு கணம் பார்த்து, பிறகே வாய் திறக்கும். பார்த்தவுடன் கோலை இழுத்தால் வெறும் கொக்கிதான் வரும். நான் கட்டியிருந்த பொய் வண்டின் வயிற்றில் மயில்தோகை இழை சுற்றியிருந்தது. அதனாலோ என்னவோ, மனதுக்குள் ஒருமுறை "முருகா" என்று சொல்லி முடித்து, அதன் பிறகே கோலை உயர்த்தும் பழக்கம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு தப்பியவை குறைவு. கையை நனைத்து, மீனின் தலையை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பிப் பிடித்திருந்தால், செவுள் இரண்டு மூன்று முறை விரிந்து மூடும். உள்ளங்கையில் ஒரு துடிப்பு, மீன் போய்விடும்.

அங்கேயே, இரண்டாம் நாள் மாலை, ஒரு ரெயின்போ டிரவுட் மாட்டியது. பக்கவாட்டில் ரோஜா நிறப் பட்டையோடு, இந்தக் கோடையில் நான் பிடித்ததிலேயே அழகான மீன். அதை விடக்கூடாது, கொல்லவேண்டும் என்பது இந்த ஓடை போய்ச் சேரும் லாமார் ஆற்றுப் பகுதியின் விதி. மனிதர்கள் கொண்டுவந்து விட்ட இந்த மீன் கட்த்ரோட்டோடு கலந்து அந்த இனத்தையே கரைத்துவிடுகிறது. குட்டிக் கட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்ற நேரத்தை உன்னிடம்தான் சொல்லமுடியும். மதகடியில் கெளுத்தியைத் தரையில் அடிக்கும்போது நமக்கு ஒரு நாளும் கை நடுங்கியதில்லை.

அன்றிரவு மிளகாய்த்தூளும் மஞ்சளும் உப்பும் தடவி வறுத்துச் சாப்பிட்டேன். முள் குறைவு, சதை இளஞ்சிவப்பு, கெளுத்தியின் ருசி இல்லை.

அக்டோபரில், ஹெப்கன் ஏரியிலிருந்து பிரவுன் டிரவுட்கள் முட்டையிட மாடிசனில் எதிரேறி வரும்போது மறுபடியும் போகிறேன். அதற்குள் முழங்கால் முழுதாகத் தேறிவிட்டதா என்று எழுது.

அன்புடன்,
உன் மதகடித் தோழன்