ஸ்டேஷன் வரை எப்படிப் போவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னையில் காற்று கெட்டுப்போகிறது என்று செய்தி வந்தால் உடனே மணலி ஆலைகளையும் லாரிகளையும் கைகாட்டுகிறோம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் காலை எட்டு மணிக்கு வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் எந்தத் தெருமுனையிலாவது நின்று பாருங்கள், ஒன்றிரண்டு கிலோமீட்டர் தூரத்துக்குக் கிளம்பும் பைக்கும் காரும் எத்தனை என்று தெரியும். பள்ளிக்கூடம், காய்கறிக் கடை, டியூஷன், ரயில்வே ஸ்டேஷன். இந்தச் சின்னப் பயணங்களைப் பற்றி யாருமே பேசுவதில்லை.

தூரம் குறைவு, அதனால் புகையும் குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. பெட்ரோல் வண்டியின் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், 250, 300 டிகிரி அளவுக்குச் சூடேறிய பிறகுதான் ஒழுங்காக வேலை செய்யும். அது சூடேறி முடிப்பதற்குள் இந்தச் சின்னப் பயணத்தில் ஒரு பகுதி முடிந்துவிடுகிறது. 2020-க்குப் பிறகு வந்த, பிஎஸ்-6 என்ற புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த வண்டிக்கும் இதே கதைதான். அப்புறம், பிள்ளையை விட்டுவிட்டு வீடு திரும்ப வேண்டும், சாயங்காலம் மறுபடி போய் அழைத்து வர வேண்டும், ஆக ஒரு பிள்ளை படித்து வர வண்டி நான்கு தடவை ஓடுகிறது. வாசலில் எஞ்சினை அணைக்காமல் நிற்கும் வண்டிகளுக்கு நடுவே, அந்தப் புகை மூக்கில் ஏறும் உயரத்தில் யுகேஜி குழந்தைகள் நடந்து போவதைப் பார்த்தால் மனசு பொறுக்கவில்லை.

பெற்றோரை நான் குறை சொல்லவில்லை. நடைபாதை இருந்தால் அதில் டிரான்ஸ்ஃபார்மர், கடை, நிறுத்தி வைத்த பைக். எந்தத் தாய் துணிந்து பிள்ளையை நடத்தி அனுப்புவார்? நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை என்று மாநகராட்சி 2014-லேயே ஒரு கொள்கை கொண்டுவந்தது. அது எங்கள் தெருக்களுக்கு எப்போது வரும்?

ரயில் விஷயமும் இதுதான். பறக்கும் ரயில் 2007-லேயே வேளச்சேரிக்கு வந்துவிட்டது, மெட்ரோ இரண்டாம் கட்டம் கிட்டத்தட்ட 119 கிலோமீட்டருக்கு நடக்கிறது, எல்லாம் நல்லதுதான். ஆனால் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் போக நேரத்துக்கு பஸ் இல்லை, ஷேர் ஆட்டோவில் இடம் இல்லை என்பதால் பைக்கை எடுக்கிறோம். எடுத்த பிறகு, அதை ஸ்டேஷனில் போட்டுவிட்டுப் படியேறுவானேன், இப்படியே ஆபீஸுக்குப் போய்விடலாம் என்று ஐடி கம்பெனிகள் இருக்கும் ஓஎம்ஆர் சாலைப் பக்கம் திருப்பிவிடுகிறோம். இரண்டு கிலோமீட்டருக்கு வழி இல்லாததால் பதினைந்து கிலோமீட்டரும் புகையாகப் போகிறது.

2013-ல் மாநகரப் போக்குவரத்துக் கழகம் விட்ட சிறிய பஸ்கள் பெரிய பஸ் நுழையாத தெருக்களுக்குள்ளும் போயின. இப்போது மின்சார பஸ் வாங்குகிறார்கள், அதில் கொஞ்சம் சின்ன பஸ்களாக வாங்கி, காலையும் மாலையும் ரயில் நேரத்துக்கு ஏற்றபடி வேளச்சேரி, பெருங்குடி ஸ்டேஷன்களில் இருந்து பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று ஓட்ட வேண்டும். பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் அந்தத் தெருவுக்குள் கார் நுழையத் தடை போட வேண்டும். சென்னைப் போக்குவரத்தை ஒருங்கிணைக்கும் ஆணையமான கும்டாவும் மாநகராட்சியும் சேர்ந்து, முதலில் ஒரு வார்டிலாவது இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

– வேளச்சேரி வாசகர்