அம்பத்தூர்ப் பட்டறைக்கும் உடன் நின்றவர்களுக்கும்

எங்கள் மாணவர் ரோபோட்டிக்ஸ் அணிக்குக் கைகொடுத்த அனைவருக்கும் வணக்கம்.

போட்டிக்கு முன் மோட்டாருக்கும் உதிரிப்பாகங்களுக்கும் நாங்கள் அலைந்தது உங்களுக்குத் தெரியும். களத்தில் எங்கள் ரோபோ இறங்கியதையே இன்னும் முழுதாக நம்ப முடியாத நிலையில், அணியின் வழிகாட்டியாக இதை எழுதுகிறேன். கடையடைக்கும் நேரத்தில் ரிச்சி தெருவில் மோட்டார் தேடித் தந்தவர்களுக்கும், மாடியறையைத் திறந்துவிட்ட பெற்றோருக்கும், இரவெல்லாம் நிரலைத் திருத்திய முன்னாள் மாணவர்களுக்கும் எங்கள் நன்றி.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை நடத்தும் பெரியவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம் என்றார். எங்கள் ரோபோவுக்கான கப்ளிங்குகளைக் கடைந்து தந்தவர் அவர்தான். மோட்டார் தண்டோடு சக்கரத்தை இணைக்கும் கப்ளிங் வழுக்கினால், என்கோடர் என்ற உணரி மோட்டாரின் சுற்றுகளை மட்டுமே எண்ணுவதால், நகராத ரோபோ இலக்கை அடைந்துவிட்டதாகக் கணக்கிட்டுக்கொள்ளும். நாங்கள் கலந்துகொண்ட ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் என்ற மாணவர் ரோபோ போட்டியில், ஆட்டத்தின் முதல் 30 விநாடிகள் ரோபோ தானே இயங்க வேண்டும் என்பதால், அப்போது யாரும் அதைத் திருத்தவும் முடியாது.

கம்பெனி வேலைகள் காத்துக்கிடக்க, அவர் வெர்னியர் அளவுகோலை எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவியிடம் நீட்டி, “நீ அளந்து சொல்லும்மா, நான் கடையறேன்” என்றார். தண்டின் விட்டம் 6 மி.மீ. என்று அவள் சொன்னதும், வேறொரு இடத்தில் வைத்து இன்னொரு முறை பார்க்கச் சொன்னார். முதலில் 5.8 மி.மீ. துளையிட்டு, பிறகு துளையைச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் ரீமர் ஓட்டி, தண்டு இறுக்கமாக உள்ளே போவதை ஒவ்வொரு பிள்ளையும் தொட்டுப் பார்க்கும் வரை பொறுமையாக நின்றார். தாமே அளந்திருந்தால் பாதி நேரத்தில் முடித்திருப்பார். நாங்கள் கேட்டது நான்கு கப்ளிங். அவர் கடைந்து தந்தது ஆறு. “உங்களுக்கு வேண்டாட்டி வேற யாருக்காச்சும் ஆகும்” என்றவர், அலுமினியக் கம்பிக்கான காசை மட்டுமே வாங்கிக்கொண்டார்.

கூடுதலாகத் தந்த அந்த இரண்டும் போட்டியன்று வேறோர் அணிக்குப் போயின. தகுதிச் சுற்றில் அணிகள் சேர்ந்து ஆடும் கூட்டணிகள் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுவதால், இன்றைய எதிரணி அடுத்து நம்மோடு சேரலாம் என்ற கணக்கும் உண்டுதான். ஆனால் அடுத்த ஆட்டத்திலேயே அவர்களை எதிர்கொள்ள வேண்டும் என்று தெரிந்தும், பிள்ளைகள் என்னைக் கேட்காமலே கொடுத்துவிட்டார்கள். அந்த ஆட்டத்தில் தோற்றோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடுமையாகப் போட்டியிட்டுக்கொண்டே எதிரணியை மதித்து உதவும் பண்பை, இந்தப் போட்டியை நடத்தும் ஃபர்ஸ்ட் அமைப்பில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் வுட்டி ஃப்ளவர்ஸ் வலியுறுத்தி வந்தார். நானும் அதைப் பலமுறை வகுப்பெடுத்திருக்கிறேன். பலன் என்னவோ பட்டறையில்தான் கிடைத்தது.

இனி எங்கள் உதிரிப்பெட்டியில் ஒவ்வொரு பாகத்திலும் ஒன்று பிற அணிகளுக்கென்றே இருக்கும். ஆயுத பூஜைக்கு முன்னதாகப் பட்டறையைக் கழுவித் துடைத்துத் தருவதாகப் பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு மட்டும் அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.