க்ரோப்ரெடிக்குப் போகிற கயலுக்கு

அன்புள்ள கயல்,

பான்பரிக்குப் பக்கத்தில் க்ரோப்ரெடி கிராமத்தில் ஆகஸ்டில் பாட்டுத் திருவிழா, ஆபீஸ் தோழிகள் கூப்பிடுகிறார்கள், ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்று ஏதோ வயசானவர்கள் குழுவாம், போகவா என்று கேட்டாய். கண்டிப்பாகப் போ. கப்பலில் வேலை பார்த்த பெரிய மாமா கொண்டுவந்த கேசட்டுகளில் அவர்களுடையதும் உண்டு. நீ பிறப்பதற்கு முன்பே எனக்குப் பழகிப்போன குரல்கள் அவை. போனில் சொல்லித் தீராது, அதனால் எழுதுகிறேன்.

1967-ல் வடக்கு லண்டனில் மஸ்வெல் ஹில் பக்கம் தொடங்கிய குழு. கிதார் வாசித்த சைமன் நிகோலின் வீட்டுக்குத்தான் ஃபேர்போர்ட் என்று பெயர். அங்கே ஒத்திகை பார்த்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்னொரு கிதார் கலைஞர் ரிச்சர்ட் தாம்சனுக்கு அப்போது வயசு 18. பாடியதில் பெரும்பங்கு அமெரிக்கப் பாட்டுகள். மறு வருஷம் சாண்டி டென்னி வந்து சேர்ந்தாள். நர்ஸ் பயிற்சிக்குப் போனவள், அதை விட்டு ஓவியக் கல்லூரிக்குப் போனவள், இரவில் நாட்டுப்புறப் பாட்டு கிளப்புகளில் பாடிக்கொண்டிருந்தவள். காலம் எங்கே போகிறதென்று யாருக்குத் தெரியும் என்று கேட்கும் அவளுடைய பாட்டை இருபது வயசை ஒட்டி எழுதினாளாம். அந்த வயசில் அப்படி ஒரு நிதானம் எங்கிருந்து வந்ததோ, எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

அந்தப் பாட்டு வந்த 'அன்ஹாஃப்ப்ரிக்கிங்' இசைத்தட்டின் அட்டையை இணையத்தில் தேடிப் பார். இங்கிலாந்தில் வெளியான அட்டையைப் பார்க்க வேண்டும், அமெரிக்காவில் வேறு படம் போட்டார்கள். குழுவின் பெயர் இருக்காது, இசைத்தட்டின் பெயரும் இருக்காது. விம்பிள்டனில் ஒரு வீட்டின் முன்னால் நடுத்தர வயசுத் தம்பதி நிற்பார்கள். சாண்டியின் அப்பாவும் அம்மாவும்தான் அவர்கள். பின்னால் வேலி இடுக்கு வழியே உற்றுப் பார்த்தால் தோட்டத்தில் குழுவினர் சின்னதாகத் தெரிவார்கள். மகளின் இசைத்தட்டுக்குப் பெற்றவர்கள் வாசலில் நிற்கிற அந்தப் படத்தை நான் எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா மனசில் என்ன ஓடியிருக்கும் என்று யோசிக்காமல் என்னால் அதைக் கீழே வைக்க முடிந்ததில்லை.

அதே தட்டில் 'எ செய்லர்ஸ் லைஃப்' என்று பழைய மாலுமிப் பாட்டு ஒன்று, 11 நிமிஷம், ஒரே மூச்சில் பதிவு செய்தது. மெதுவாக ஆரம்பித்து, டேவ் ஸ்வார்பிரிக்கின் வயலினும் தாம்சனின் கிதாரும் ஒன்றை ஒன்று துரத்த, அடியில் டிரம்ஸ் கடல் மாதிரி ஏறி இறங்கும். வாசித்த மார்ட்டின் லாம்பிளுக்கு 19 வயசு. இசைத்தட்டு கடைக்கு வந்தது 1969 ஜூலையில். அதைப் பார்க்க அவன் உயிரோடு இல்லை. மே 12 விடியற்காலை, பர்மிங்ஹாமில் கச்சேரி முடித்துத் திரும்பும்போது எம்1 நெடுஞ்சாலையில் வேன் கவிழ்ந்தது. லாம்பிளும், தாம்சனின் காதலி ஜீனி ஃபிராங்க்ளினும் போய்விட்டார்கள். வேனில் இருந்த மற்றவர்களுக்கும் காயம்.

குழுவைக் கலைத்துவிடலாமா என்றுகூடப் பேசினார்கள். கடைசியில் தொடர்வது என்று முடிவானது, ஆனால் லாம்பிளோடு வாசித்த பழைய பாட்டுகளைத் தொட மனசு வரவில்லை. ஸ்வார்பிரிக் முழுநேரமாகச் சேர்ந்தார், டிரம்ஸுக்கு டேவ் மாட்டக்ஸ் வந்தார். அந்தக் கோடையில் ஹாம்ப்ஷயரில் ஃபார்லி சேம்பர்லெய்ன் என்ற கிராமத்தில் ஒரு வீட்டை எடுத்துத் தங்கினார்கள். பாஸ் கிதார் வாசித்த ஆஷ்லி ஹட்சிங்ஸ் நாட்டுப்புறப் பாட்டுகளைச் சேர்த்து வைத்திருக்கிற லண்டன் செசில் ஷார்ப் ஹவுஸ் நூலகத்துக்குப் போய்ப் பழைய கதைப்பாடல்களைத் துருவித் துருவி எடுத்தார். 'டாம் லின்', 'மேட்டி க்ரோவ்ஸ்' மாதிரி நூற்றாண்டுகளாக வாய்வழி வந்தவை. அவற்றை மின்கிதாரும் டிரம்ஸும் வைத்துப் பாடியதுதான் டிசம்பரில் வந்த 'லீஜ் அண்ட் லீஃப்'. 2006-ல் பிபிசி ரேடியோ 2 நேயர்கள் அதைத்தான் மிகப் பெரிய தாக்கம் ஏற்படுத்திய நாட்டுப்புற இசைத்தட்டாகத் தேர்ந்தெடுத்தார்கள். விருதை விடு. அடுத்தவர் ஊர்ப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்த பிள்ளைகள், இழப்பில் ஒடுங்கிக் கிடந்த நேரத்தில் தங்கள் மண்ணின் பாட்டைத் தேடிப் போனார்கள் பார், எனக்கு அதுதான் பெரிசு.

இசைத்தட்டு வெளிவரும் முன்பே சாண்டியும் ஹட்சிங்ஸும் விலகிவிட்டார்கள். ஹட்சிங்ஸ் தொடங்கிய ஸ்டீலை ஸ்பேன் குழு தனியாகப் பேர் வாங்கியது. கொஞ்ச நாளில் தாம்சனும் போனார். அதற்கப்புறம் யார் வந்தார், யார் போனார் என்று எழுதினால் இந்தத் தாள் போதாது. சாண்டி நடுவில் ஒருமுறை திரும்பி வந்து மறுபடி விலகினாள். 1978 ஏப்ரலில், 31 வயசில் இறந்துபோனாள்.

1979 ஆகஸ்ட் 4, போதும் என்று விடைபெறும் கச்சேரி வைத்தார்கள். பகலில் நெப்வொர்த்தில் லெட் செப்லின் என்ற ராக் குழுவின் கச்சேரியில் வாசித்துவிட்டு, அங்கிருந்து நேரே க்ரோப்ரெடி. ஹட்சிங்ஸுக்கு அப்புறம் பாஸ் கிதார் வாசிக்க வந்த டேவ் பெக் குடியிருந்த ஊர் அது. விடைபெற்றவர்கள் மறு வருஷமும் அங்கே கூடினார்கள், அதற்கடுத்த வருஷம் பான்பரி பக்கமே ப்ராட்டன் கோட்டையில் கூடினார்கள். அதுதான் வளர்ந்து நீ போகப்போகிற திருவிழாவாகியிருக்கிறது.

அசதியாக இருக்கிறது என்று பாதியில் கிளம்பிவிடாதே. கடைசியில் 'மீட் ஆன் த லெட்ஜ்' வரும், தாம்சன் இருபது வயசு ஆவதற்கு முன்பே எழுதியது. மேடையில் இருப்பவர்களோடு கூட்டமே சேர்ந்து பாடும். வார்த்தைகளை முன்கூட்டியே படித்துவிட்டுப் போ, வாயை மூடிக்கொண்டு நிற்காதே. கிதாரோடு நிற்கிற சைமன் நிகோலை நன்றாகப் பார்த்துக்கொள், தொடக்கத்தில் இருந்தவர்களில் இன்னும் குழுவில் இருப்பவர் அவர் ஒருவர்தான். 'மேட்டி க்ரோவ்ஸ்' பாடினால், கதை முடிந்து வயலின் வேகம் பிடிக்கிற இடத்தை மட்டும் போனில் பதிவு பண்ணி எனக்கு அனுப்பு. பெரிய மாமாவுக்கும் போட்டுக் காட்டுகிறேன்.

அன்புடன்,
அம்மா