மாட்டுத் தீவனம் சத்துமாவாகும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எத்தனால் ஆலையில் மிஞ்சும் மக்காச்சோளச் சக்கையைச் சத்துமாவிலும் பிஸ்கட்டிலும் சேர்க்கலாம் என்ற கட்டுரையைத் தங்கள் இதழில் படித்தேன். அரூர் பக்கம் மூன்று ஏக்கரில் மக்காச்சோளம் போடுகிறேன். நான்கு கறவை மாடுகளும் உண்டு.

இந்தச் சக்கை எங்களுக்குப் புதிதல்ல. டிடிஜிஎஸ் என்று தீவன மூட்டையில் வருவதுதான். நல்ல சரக்கு பொன்மஞ்சளாக, புளித்த மாவு வாசனையோடு இருக்கும். உலர்த்தும்போது சூடு மிஞ்சிவிட்டால் காப்பித்தூள் நிறமாகிக் கருகல் வாடை அடிக்கும். அதைக் கொட்டினால் என் மாடு முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது.

சத்தில் குறை சொல்ல மாட்டேன். மாவுச்சத்துதான் எத்தனாலாகிறது, புரதமும் கொழுப்பும் நாரும் சக்கையிலேயே தங்கிவிடுகின்றன. மக்காச்சோளத்தில் 8, 9 சதவீதமாக இருக்கும் புரதம் சக்கையில் 27 சதவீதத்தையும் தாண்டுகிறது. அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதைப் பக்குவப்படுத்திச் சப்பாத்தி மாவிலேயே கலந்து பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் புரதம் மூன்று மடங்காகும்போது பூஞ்சண நஞ்சும் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. அஃப்ளாடாக்சின் என்ற அந்த நஞ்சு புளிக்கவைத்தாலும் போகாது, காய்ச்சினாலும் போகாது. தானியத்தில் கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்பது விதி. அந்த வரம்புக்குள் நிற்கும் சோளமே சக்கையானால் 45-ஐத் தொட்டுவிடும்.

போன அறுவடையில் மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் தார்ப்பாய்க்குள் கிடந்த கதிரை உரித்தால் நுனியில் பச்சையாகப் பூஞ்சணப் பொடி, விரலில் ஒட்டிக்கொண்டது. "ஆலைக்குத்தானே போகுது, போடுங்க" என்றார் வியாபாரி. நானும் பேசாமல் எடை போட்டுக் கொடுத்தேன். அது ஒரு குழந்தையின் சத்துமாவில் போய்ச் சேரும் என்று தெரிந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.

புளிப்பின்போது வேண்டாத பாக்டீரியாவை அடக்க ஆன்டிபயாடிக் போடும் வழக்கமும் ஆலைகளில் உண்டு. மனிதர் சாப்பிடும் பொருள் என்றால் அதையும் அனுமதிக்கக் கூடாது.

சக்கையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உணவுக்கென்று தனிச் சோளம், தனி ஆலை வரிசை இருக்கட்டும். சோளத்தை மட்டும் சோதித்தால் போதாது, சக்கையையும் லோடுக்கு லோடு சோதிக்க வேண்டும். பொட்டலத்தின் மேல் 'எத்தனால் ஆலைச் சக்கை சேர்ந்தது' என்று தமிழில் பெரிதாகப் போட வேண்டும். 2023 முதல் எங்கள் மாவட்ட ரேஷனில் கேழ்வரகு தருகிறார்கள். அந்தக் கேழ்வரகு மாவோடு இது பெயர் தெரியாமல் கலந்துவிடக் கூடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஊருக்கு ஒரு உலர்களமும் ஈரம் பார்க்கும் கருவியும் வேண்டும். இன்றைக்கும் நாங்கள் சோளத்தைத் தார்ரோட்டில்தான் காயவைக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
அரூர் வட்டம், தருமபுரி மாவட்டம்.